நன்றிப் பக்கத்தில் இருப்பவர்கள்: ஃபேர்ஃபேக்ஸ், வாஷிங்டன் பயணக் குறிப்புகள்

ஞாயிறு

வாஷிங்டனுக்கு வருகிறவர்கள் வெள்ளை மாளிகையையும் லிங்கன் நினைவகத்தையும் பார்க்க வருவார்கள். நான் வந்திருப்பது ஒரு பல்கலைக்கழக மையத்தைப் பார்க்க. தலைநகருக்கு மேற்கே, வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபேக்ஸில் உள்ள ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் அது இயங்குகிறது. ராய் ரோசன்ஸ்வைக் வரலாறு மற்றும் புதிய ஊடக மையம் என்பது முழுப் பெயர். பெயரைக் கேட்டிராத ஆசிரியர்கள்கூட அதன் சரக்கைப் பயன்படுத்தியிருப்பார்கள். மேற்கோள்களைச் சேர்த்து வைக்க ஆய்வு மாணவர்கள் நாள்தோறும் திறக்கும் ஸோட்டெரோ மென்பொருள் 2006இல் அங்கேதான் பிறந்தது. சிறிய அருங்காட்சியகமும் நூலகமும் தங்கள் பழம்பொருள்களை இணையத்தில் காட்சிக்கு வைக்க உதவும் ஒமெக்கா, 2008இல் அங்கிருந்து வந்தது. வரலாற்று ஆசிரியர்களுக்காக அவர்கள் கட்டிய இணையதளங்களை எண்ணத் தொடங்கினால் பட்டியல் நீளும்.

வகுப்புக்காக அந்தத் தளங்களைப் புரட்டும்போதெல்லாம் கடைசியில் ஒரு பக்கம் வந்து நிற்கும். திட்ட இயக்குநர், நிரலாளர், வடிவமைப்பாளர், பாட ஆலோசகர், மாணவ உதவியாளர் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். பாடத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மூடிவிடுவதுதான் உலக வழக்கம். இந்தப் பயணம் அந்தப் பக்கத்துக்காக. அங்கே இருப்பவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள், அவர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இறங்கியது டலஸ் விமான நிலையத்தில் (டெக்ஸாஸில் இருக்கும் டாலஸ் நகரம் வேறு). 2022 நவம்பரிலிருந்து மெட்ரோ ரயில் விமான நிலையம் வரை வந்துவிட்டதால் டாக்ஸி தேட வேண்டியதில்லை. வெள்ளி வழித்தட ரயிலில் ஈஸ்ட் ஃபால்ஸ் சர்ச் வரை வந்து, அங்கே ஆரஞ்சு வழித்தடத்துக்கு மாறினால் கடைசி நிலையம் வியன்னா. அங்கிருந்து நகரப் பஸ் பல்கலைக்கழக வளாகம் வரை போகிறது. அறைக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மீதி நாளைக்கு.

திங்கள்

மையத்துக்கு நாளைதான் போக வேண்டும். இன்று முழுவதும் வளாகத்தில் நடந்தேன்.

நடுவில் இருக்கும் சதுக்கத்துக்கு ரோஜர் வில்கின்ஸ் பெயர். குடிமை உரிமைப் போராட்டத்தில் முன்னின்றவர், இதே பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். சதுக்கத்தில் ஜார்ஜ் மேசனின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1776 ஜூனில் நிறைவேறிய வர்ஜீனியா உரிமைப் பிரகடனத்தின் முதல் வரைவை எழுதியவர் மேசன். மனிதர் எல்லோரும் இயல்பிலேயே சமமான சுதந்திரம் உடையவர்கள் என்று அதில் எழுதினார். 1787இல் அமெரிக்க அரசியலமைப்பில் உரிமைகளின் பட்டியல் இல்லை என்று சொல்லி, கூட்டத்தின் கடைசி நாள்வரை இருந்தும் கையெழுத்திட மறுத்த மூவரில் ஒருவரும் அவர்தான். அதே மனிதர் தம் கன்ஸ்டன் ஹால் பண்ணையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். உயிலில் அவர்களைப் பெயர் சொல்லித் தம் பிள்ளைகளுக்குப் பங்கிட்டார்.

சிலையைச் சுற்றி இப்போது ஒரு நினைவகம் இருக்கிறது. மேசனிடம் அடிமைப்பட்டிருந்தவர்களுக்கான அந்த நினைவகம் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பென்னி என்ற பத்து வயதுச் சிறுமிக்கும், மேசனின் பணியாளாக இருந்த ஜேம்ஸுக்கும் அதில் தனி இடம். இதைக் கட்ட வேண்டும் என்ற எண்ணம் நிர்வாகத்தின் மேசையிலிருந்து வரவில்லை. 2017இல் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து உயில்களையும் கணக்கேடுகளையும் படித்து, அந்தப் பண்ணையில் வாழ்ந்த குழந்தைகள் யார் யார் என்று தேடத் தொடங்கினார்கள். அந்தத் தேடலின் முடிவுதான் இந்தக் கல்லும் நீரும்.

நெடுநேரம் அங்கே இருந்தேன். வகுப்புகளுக்கு நடுவே மாணவர்கள் சிலையையும் நினைவகத்தையும் ஒருசேரக் கடந்து போகிறார்கள். பிரகடனத்தை மட்டும் கற்பித்தால் பாதிப் பாடம், உயிலை மட்டும் கற்பித்தாலும் பாதிப் பாடம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, "இரண்டையும் எழுதியது ஒரே கைதான், இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்று மாணவர்களைக் கேட்க ஓர் ஆசிரியருக்கு அந்த இரண்டு ஆவணங்களும் கைக்கு எட்ட வேண்டும். நாளை போகும் இடத்தின் வேலை முழுவதும் அதுதான்.

செவ்வாய்

ராய் ரோசன்ஸ்வைக் 1994இல் இந்த மையத்தைத் தொடங்கினார். அடிப்படையில் அவர் தொழிலாளர் வரலாற்று ஆய்வாளர். ஊஸ்டர் நகரத் தொழிலாளர்கள் தங்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழித்தார்கள் என்று ஆய்ந்தவர். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கின் வரலாற்றை எலிசபெத் பிளாக்மருடன் சேர்ந்து எழுதியவர். இப்படிப்பட்டவர் கணினியின் பக்கம் வந்ததற்குக் காரணம் கருவிமேல் இருந்த மோகம் அல்ல என்று நினைக்கிறேன். 1998இல் டேவிட் தெலனுடன் அவர் வெளியிட்ட ஆய்வைப் படித்தால் காரணம் புரியும். சுமார் 1,500 அமெரிக்கர்களிடம், கடந்த காலத்தோடு உங்களுக்கு என்ன உறவு என்று தொலைபேசியில் கேட்டார்கள். குடும்பப் புகைப்படம், பாட்டி சொன்ன கதை, அருங்காட்சியகம் ஆகியவற்றோடு மக்கள் நெருக்கமாக உணர்ந்தார்கள். கடந்த காலத்திலிருந்து மிகவும் விலகி நிற்பதாக அவர்கள் உணர்ந்த இடம் எது தெரியுமா? பள்ளிக்கூட வரலாற்று வகுப்பு.

இதைக் கண்டு ஆசிரியர்களைக் குறை சொல்லிவிட்டு அவர் நகர்ந்திருக்கலாம். ஆனால் ஆசிரியர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். ஒரு பாடநூல், அதன் பின்பக்கத்தில் சில கேள்விகள். ஆவணக் காப்பகம் தலைநகரில், அதன் சாவி பேராசிரியர்களிடம். அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் கணினி. வரலாற்றை ஜனநாயகப்படுத்துவது, பல குரல்களைச் சேர்ப்பது, கடந்த காலத்தைக் காப்பதிலும் சொல்வதிலும் பொதுமக்களுக்குப் பங்கு கொடுப்பது என்று மையம் தன் நோக்கத்தைச் சொல்கிறது.

மையம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டே அவர், ஸ்டீவ் பிரையர், ஜோஷ் பிரவுன் ஆகியோருடன் சேர்ந்து அமெரிக்க உழைக்கும் மக்களின் வரலாற்றைக் குறுந்தகடாகக் கொண்டுவந்திருந்தார். 1876 முதல் 1914 வரையிலான காலம். ஆப்பிள் நிறுவனம் அதைப் பள்ளிகளுக்குத் தரும் கணினிகளோடு சேர்த்து வழங்கியது. கருக்கலைப்பு, குடும்பக் கட்டுப்பாடு, ஓரினச் சேர்க்கை பற்றிய ஆவணங்கள் அதில் இருக்கின்றன என்று எதிர்ப்பு வந்ததும், அவற்றை நீக்கும்படி வெளியீட்டாளரான வாயேஜரிடம் ஆப்பிள் கேட்டது. வாயேஜர் மறுத்துவிட்டது. பிறகு ஆப்பிள் இறங்கி வந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு இணையத்தில், சொந்தச் சர்வரில், இலவசமாக என்று அவர்கள் நிலையாக நின்றதில் வியப்பில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து 1998இல் அமெரிக்க வரலாற்று ஆசிரியர்களுக்கான தளத்தையும், அதே குழுவோடு பிரெஞ்சுப் புரட்சி பற்றிய தளத்தையும் கட்டினார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, சாதாரண மக்களின் மின்னஞ்சல்களையும் படங்களையும் நினைவுகளையும் திரட்டிய காப்பகமும் அந்த இரு குழுக்களின் கூட்டுவேலை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தன் சேகரிப்பில் ஏற்றுக்கொண்டது.

ரோசன்ஸ்வைக் 2007 அக்டோபரில், 57 வயதில் புற்றுநோயால் இறந்தார். 2011இல் மையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பெயர் அவருடையது, நாள்தோறும் வேலை செய்பவர்கள் வேறு பலர். இன்று அந்த வேலையைத்தான் பார்க்க வந்தேன்.

அவர்களுடைய ஒரு திட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 1800 நவம்பர் 8ஆம் தேதி வாஷிங்டனில் அமெரிக்கப் போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்து எரிந்தது. புதிய நாட்டின் தொடக்க ஆண்டுகளின் அரசுக் கோப்புகள் சாம்பலாயின. அந்தக் காலத்தில் போர்த்துறை என்றால் படை மட்டும் இல்லை. பூர்வகுடி மக்களுடனான உடன்படிக்கைகள், ஓய்வூதியம், எல்லைப்புற வணிகம் எல்லாம் அதன் பொறுப்பு. இருநூறு ஆண்டுகளாக, அந்தக் காலம் பற்றிய ஆவணங்கள் போய்விட்டன என்றே வரலாற்றாளர்கள் எழுதி வந்தார்கள். ஆனால் கடிதம் என்றால் அனுப்பியவரிடம் ஒரு நகல் இருக்கும், பெற்றவரிடம் ஒரு தாள் இருக்கும். அப்படி இருநூறுக்கும் மேற்பட்ட காப்பகங்களில் சிதறிக் கிடந்த நகல்களைத் தேடிப் படமெடுத்து, சுமார் 45,000 ஆவணங்களை ஒன்றுசேர்த்துவிட்டார்கள். வேறு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அந்த முயற்சியை 2006இல் இந்த மையம் ஏற்றது. இப்போது அவை எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து தர விரும்புகிற யாரும் பதிவு செய்துகொள்ளலாம்.

நானும் பதிவு செய்து ஒரு பக்கத்தை எடுத்தேன். வீரர்களுக்குக் கொடுத்த உடைகளின் கணக்கு. சட்டை, காலணி, போர்வை என்று வரிசையாக எண்கள். சொல்லின் நடுவில் வரும் 'எஸ்' எழுத்தை 'எஃப்' போல நீட்டி எழுதும் வழக்கம் அப்போது இருந்தது. அது கண்ணுக்குப் பழக நேரம் பிடிக்கும். "இந்த மாதம்", "போன மாதம்" என்பதற்கெல்லாம் சுருக்கக் குறிகள். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு, அதே கையெழுத்தில் வேறு வரியில் அந்த எழுத்து எப்படி இருக்கிறது என்று தேடி, பொருத்திப் பார்த்து, கடைசியில் அது ஒரு துணியின் பெயர் என்று கண்டுபிடித்தபோது உண்டான மகிழ்ச்சியை எந்தப் பாடநூலும் எனக்குக் கொடுத்ததில்லை. பதினைந்து வயது மாணவருக்கும் இது கிடைக்க வேண்டும்.

அந்த ஒரு பக்கம் என் திரைக்கு வருவதற்குப் பின்னால் எத்தனை கைகள்! ஒருவர் படத்தோடு தேதியையும் அனுப்பியவர், பெற்றவர் பெயர்களையும் இணைக்கிறார். அது தவறினால் தேடலில் ஆவணம் கிடைக்காது. கிடைக்காத ஆவணம் எரிந்த ஆவணத்துக்குச் சமம். ஒருவர் தட்டச்சுப் பெட்டியும் படமும் அருகருகே நிற்கும்படி நிரல் எழுதுகிறார். ஒருவர் தொண்டர்கள் அனுப்பியதைச் சரிபார்க்கிறார். ஒருவர் அதை வகுப்பறைக்கான பாடமாக்குகிறார். இன்னொருவர் அடுத்த நிதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டே இருக்கிறார்.

நிதிதான் இந்தப் பயணத்தில் என் மனத்தை அதிகம் கலக்கியது. இத்தகைய மையங்களில் பலருடைய வேலை நல்கையை, அதாவது வெளியிலிருந்து வரும் நிதியுதவியை, நம்பியிருக்கிறது. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று பணம் வரும், முடியும். 2001இல், செனட்டர் ராபர்ட் பேர்ட் முன்னெடுத்து, அமெரிக்க வரலாற்று ஆசிரியர்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றைக் கல்வித்துறை தொடங்கியது. அதையொட்டி நாடு முழுவதற்கும் ஒரு வழிகாட்டித் தளத்தைக் கட்டும் பொறுப்பு இந்த மையத்துக்கு வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் அமெரிக்க வரலாற்றுக் கழகமும் உடன் நின்றன. மாதிரிப் பாடங்கள், வகுப்பறைக் காணொளிகள், ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளுக்கு வரலாற்றாளர்களின் பதில்கள் என்று அருமையான களஞ்சியம். பத்தாண்டு கழித்து நாடாளுமன்றம் அந்தத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவதை நிறுத்தியது. தளம் இருக்கிறது, புதிதாகச் சேர்ப்பதற்கான ஊதியம் இல்லை. 2025 ஏப்ரலில், மனிதவியல் துறைகளுக்கான தேசிய நல்கை நிறுவனம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நல்கைகளை ஒரே வீச்சில் ரத்து செய்தது. அமெரிக்கா முழுவதும் இப்படிப்பட்ட குழுக்கள் அதன் அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளவில்லை.

இந்த ஊழியர்களுக்கு உரிய மதிப்பு வேண்டும் என்று இந்தத் துறையினரே எழுதி வைத்திருக்கிறார்கள். 2011இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் நடந்த பட்டறையில் உருவான கூட்டுழைப்பாளர் உரிமைப் பிரகடனம் அது. நிரலாளரோ மாணவரோ, பங்களித்தவர் பெயரும் பங்கும் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும், வேலையை விட்டுப் போனவரின் பெயரும் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்று அதை முழுவதும் படித்தேன். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் வாசலிலும் ஒட்டி வைக்க வேண்டியது.

புதன்

ரயிலில் வாஷிங்டன். கேபிட்டல் சவுத் நிலையத்தில் இறங்கி நாடாளுமன்ற நூலகத்துக்கு நடந்தேன். 1897இல் திறந்த ஜெஃபர்சன் கட்டடத்தின் பளிங்குக் கூடத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, ஆகவே விட்டுவிடுகிறேன்.

ஆசிரியர்களுக்கும் இந்த நூலகத்துக்குமான கதைதான் எனக்கு முக்கியம். 1990 முதல் 1994 வரை நூலகம் ஒரு முன்னோட்டம் நடத்தியது. தன் சேகரிப்பிலிருந்து படங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஆவணங்களையும் குறுந்தகடுகளிலும் லேசர் தகடுகளிலும் பதித்து, நாடெங்கும் 44 பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் அனுப்பிப் பார்த்தது. ஆய்வாளர்கள்தான் ஆவலோடு எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, பள்ளி ஆசிரியர்களிடமிருந்து வந்த வரவேற்பு புதிய செய்தி. 1994இல் அது இணையத்துக்கு வந்தது.

அந்த நூலகத்தின் ஆசிரியர் பக்கத்தில் நெடுங்காலமாக இருந்து வரும் ஒரு பாடத்துக்காகத்தான் இங்கே வந்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வந்த கெட்டிஸ்பர்க் சண்டை, 1863 ஜூலை. புகைப்படக்காரர் அலெக்சாண்டர் கார்ட்னரும் அவருடைய உதவியாளர்களும் சண்டை முடிந்த கையோடு களத்தைப் படமெடுத்தார்கள். அவற்றில் புகழ்பெற்ற ஒன்றில், இரண்டு பாறைகளுக்கு நடுவே அடுக்கிய கற்சுவருக்குப் பின்னால் ஓர் இளம் வீரன் இறந்து கிடக்கிறான். துப்பாக்கி சுவரில் சாய்ந்திருக்கிறது. தெற்கு மாநிலங்களின் கிளர்ச்சிப் படையில் குறிபார்த்துச் சுடும் வீரனின் கடைசி இடம் என்று கார்ட்னர் அதற்குக் கதை எழுதினார். பல மாதம் கழித்துத் திரும்பி வந்தபோதும் துப்பாக்கி அங்கேயே இருந்ததாகவும் எழுதினார்.

பெரிய கோப்பைத் திரையில் திறந்து, வீரனின் முகத்தை உருப்பெருக்கினேன். அடுத்து, அதே போர்க்களத்தில் சரிவான திறந்த வெளியில் கிடக்கும் ஒரு வீரனின் படம். அதையும் உருப்பெருக்கினால் அதே முகம், அதே உடை. உடலை அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்து கற்சுவருக்குப் பின்னால் கிடத்தியிருக்கிறார்கள். துப்பாக்கியும் குறிபார்த்துச் சுடுபவர்கள் வைத்திருக்கும் வகை இல்லை. 1975இல் வரலாற்றாளர் வில்லியம் ஃபிரஸனிட்டோ இதை விரிவாக நிறுவிக் காட்டினார். அதற்கு முன் நெடுங்காலம் பலரும் கார்ட்னரின் கதையை நம்பிவந்தார்கள்.

நூலகம் ஆசிரியர்களுக்குச் சொல்லும் முறை எளிமையானது. முதலில் என்ன தெரிகிறது என்று மட்டும் சொல். பிறகு அது என்ன என்று யோசி. பிறகு கேள்வி கேள். மாணவர்கள் முதல் படியைத் தாண்டிக் குதித்து, "பாவம், சண்டையில் செத்துவிட்டான்" என்று சொல்லிவிடுவார்கள். அவர்களை நிறுத்தி, தலைக்கடியில் என்ன இருக்கிறது, துப்பாக்கி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். பள்ளியில் இருந்தபடியே ஒருவர் அந்த முகத்தை இவ்வளவு நெருங்கிப் பார்க்க முடிவது, கண்ணாடித் தகட்டை உயர்ந்த தெளிவில் மின்மயமாக்கி, அளவு குறைக்காமல் இலவசமாகக் கொடுத்த நூலக ஊழியர்களால்தான். சிறிய படமாகப் போட்டிருந்தால் பாடமே இல்லை.

வியாழன்

நீல வழித்தடத்தில் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டம். கென்னடியின் சமாதிக்குப் போகும் கூட்டத்தோடு கொஞ்ச தூரம் ஏறிவிட்டு, நான் தனியாக மேலே நடந்தேன். வெயில் கடுமை. அரங்கத்துக்கு அருகில் ஒரு கப்பலின் பாய்மரத் தூண் நிற்கிறது. அடியில் பீரங்கிக் கோபுர வடிவில் வட்டமான கட்டடம், சுவர் முழுக்க இறந்தவர்களின் பெயர்கள். 1898 பிப்ரவரி 15 இரவு, அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் வெடித்து மூழ்கிய மேயின் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் தூண் இது. 1915இல் இங்கே நிறுவினார்கள். உயிரிழந்தவர்கள் 260க்கும் மேல்.

ஃபேர்ஃபேக்ஸ் மையமும் ஸ்டான்ஃபோர்டில் வரலாற்றுக் கல்வி ஆய்வாளர் சாம் வைன்பர்க்கின் குழுவும் சேர்ந்து, வரலாற்றாளரைப் போலப் படிக்கச் சொல்லித் தரும் தளம் ஒன்றைக் கட்டின. அதில் நான்கு தலைப்புகள்: ஸ்பானிய-அமெரிக்கப் போர், பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக நடந்த ஸ்கோப்ஸ் வழக்கு, சமூகப் பாதுகாப்புச் சட்டம், பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ். முதல் தலைப்பின் மையத்தில் இந்தக் கப்பல் இருக்கிறது.

வெடிப்பு நடந்த சில நாள்களில் வந்த இரண்டு நாளிதழ்களை அந்தப் பாடம் மாணவர் முன் வைக்கிறது. பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் நியூயார்க் ஜர்னல், கப்பலை அழித்தது எதிரியின் வேலை என்று தலைப்பிட்டு, குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பவருக்கு 50,000 டாலர் பரிசு அறிவித்தது. நியூயார்க் டைம்ஸ், கப்பலின் உடற்பகுதிதான் விடை சொல்லும் என்று எழுதியது. வெடிப்பு உள்ளிருந்து வந்ததா வெளியிலிருந்தா என்று மூழ்காளர்கள் பார்க்க வேண்டும் என்றது. நிகழ்வு ஒன்று, நகரம் ஒன்று. யார் எழுதியது, எப்போது, யாருக்காக, எந்தச் சான்றைக் காட்டுகிறது, காட்டவில்லை என்று மாணவர் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பழகுகிறார். ஆண்டையும் பெயரையும் மனப்பாடம் செய்த மாணவருக்கு ஜர்னலின் தலைப்பும் டைம்ஸின் தலைப்பும் ஒன்றுதான். கேட்டுப் பழகியவருக்கு நாளைய செய்தியையும் எடைபோடத் தெரியும்.

அந்த ஆண்டின் கடற்படை விசாரணை, நீரடிக் கண்ணிவெடி என்றது. ஏப்ரலில் ஸ்பெயினுடன் போர் மூண்டது. டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தம். ஸ்பெயின் கியூபாவை விட்டது, போர்ட்டோ ரிக்கோவையும் குவாமையும் கொடுத்தது, பிலிப்பைன்ஸை 2 கோடி டாலருக்குக் கைமாற்றியது. 1911இல் கப்பலைச் சுற்றித் தடுப்பணை கட்டி நீரை இறைத்துப் பார்த்த குழுவும் வெளிவெடிப்பு என்றே சொன்னது, ஆனால் வேறு இடத்தில் என்றது. 1976இல் அட்மிரல் ரிக்கோவர் வெளியிட்ட ஆய்வு, நிலக்கரி அறையில் தானே பற்றிய தீ பக்கத்து வெடிமருந்தை எட்டியிருக்கலாம் என்றது. வாதம் இன்னும் ஓயவில்லை.

தூணின் கீழ் நின்று சுவரில் பெயர்களைப் படித்தபோது ஒன்று உறைத்தது. பாடத்தில் நாளிதழ்களை ஒப்பிடும்போது இந்த மனிதர்கள் பின்னுக்குப் போய்விடுகிறார்கள். வகுப்பில் முதலில் இந்தச் சுவரின் படத்தைக் காட்டிவிட்டுத்தான் செய்தித்தாள்களைக் கொடுப்பேன்.

வெள்ளி

தேசிய ஆவணக் காப்பகத்தில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தையும் அரசியலமைப்பையும் பார்க்க வரிசை நீளம். பார்த்தேன். ஆசிரியர்களுக்காகக் காப்பகம் 2010இல் தொடங்கிய தளத்தில் அந்த ஆவணங்களோடு, ரோசா பார்க்ஸின் கைது ஆவணங்களும், அவர் எந்த இருக்கையில் அமர்ந்திருந்தார் என்று காட்டும் பஸ் வரைபடமும் இருக்கின்றன. வெள்ளையர்களுக்கென்று ஒதுக்கிய முன்வரிசையில் அவர் உட்காரவில்லை என்பது அந்தப் படத்தைப் பார்த்த கணமே விளங்கும்.

பார்க்ஸ் பற்றிய பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொருவரின் கடிதம். மாண்ட்கோமரியில் அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் ராபின்சன், 1954 மே 21ஆம் தேதி நகர மேயருக்கு எழுதியது. பஸ்ஸில் நடத்தும் விதம் மாறாவிட்டால் எங்கள் மக்கள் பஸ்ஸைப் புறக்கணிக்கத் திட்டமிடுகிறார்கள் என்று மரியாதையாக எச்சரிக்கிறார். பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1. இடையில் ஒன்றரை ஆண்டு. களைத்துப்போன தையல்காரப் பெண் ஒரு மாலையில் எழ மறுத்தார், உடனே போராட்டம் வெடித்தது என்ற பாடநூல் கதை இந்த ஒரு தாளின் முன் நிற்காது. கைது நடந்த அன்றிரவே ராபின்சன் கல்லூரிக்குப் போய், உடன் பணியாற்றியவர் ஒருவரும் மாணவர் இருவரும் துணையிருக்க, மைமியோகிராஃப் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடிவதற்குள் அச்சடித்தார். ஆசிரியரும் கருவியும் சேர்ந்த வேலை என்றால் இதைவிட எதைச் சொல்வது?

மாலையில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம். 1960 பிப்ரவரி 1ஆம் தேதி கிரீன்ஸ்பரோ வூல்வொர்த் கடையில் இனப்பாகுபாட்டை எதிர்த்து நான்கு கறுப்பின மாணவர்கள் அமர்ந்த உணவு மேடையின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் அதன் முன்.

சனி

கிளம்பும் நாள். மேயின் பாடத்தையும் கார்ட்னர் படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டேன். பழைய தளங்களைப் பற்றி செவ்வாய்க்கிழமை கேட்டறிந்த ஒன்றை எழுத விட்டுவிட்டேன். தளம் ஒன்று பிழைத்திருக்க யாராவது அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2000களில் வந்த கல்வித் தளங்கள் பலவற்றில் அசையும் படங்களுக்கு ஃபிளாஷ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். 2020 இறுதியில் ஃபிளாஷ் நிறுத்தப்பட்டபோது அந்தப் பாடங்கள் வெறும் சாம்பல்நிறப் பெட்டிகளாயின. பணம் முடிந்த தளத்தைத் தரவுத்தளம் தேவைப்படாத எளிய நிலைப் பக்கங்களாக மாற்றி வைத்துவிடுவது ஒரு வழி. தேடல் வசதி போகலாம், பாடம் நிற்கும். இந்த வேலைக்குப் பரிசோ விழாவோ கிடையாது. ஒரு தளத்தைப் பதினைந்து ஆண்டு கழித்தும் திறக்க முடிகிறது என்றால் யாரோ இதைச் செய்திருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நாடாளுமன்ற நூலகத்தின் ஜெஃபர்சன் கட்டடம் ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும். நேரம் குறித்த இலவச அனுமதிச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். வாசிப்பறைக்குள் போக வாசகர் அட்டை வேண்டும், அதுவும் இலவசம், பாஸ்போர்ட் எடுத்துச் செல்லுங்கள். ஆவணக் காப்பகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் கட்டணம் இல்லை. ஆர்லிங்டனில் ஏற்றம் அதிகம், தண்ணீர் பாட்டில் அவசியம். போர்த்துறை ஆவணங்களைத் தட்டச்சு செய்ய ஃபேர்ஃபேக்ஸ் வரத் தேவையே இல்லை, வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். நான் எடுத்த உடைக்கணக்கில் இன்னும் இரண்டு பக்கம் மிச்சம் இருக்கிறது. விமானத்துக்கு முன் ஒன்றை முடித்துவிடப் பார்க்கிறேன்.